மலையேற மறுத்த மீன்

தென்பெண்ணையில் கெண்டையையும் கெளிற்றையும் கண்டு வளர்ந்த நமக்கு டிரௌட் என்னும் மீன் புதியது. ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் இம்மீன், நீர்மேல் வந்தமரும் பூச்சிகளைத் தாவிப் பிடித்து உண்ணும். ஆகையால் அதைப் பிடிக்க விரும்புவோர் பலர் மண்புழுவை நாடுவதில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலவே செய்துகொள்வர். இறகுப் பூச்சிக்கு எடை ஏது? எனவே சற்றுக் கனமான தூண்டிற் கயிற்றையே சாட்டைபோல் பின்னும் முன்னும் வீசி, பூச்சியை நீரில் மெல்ல இறக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் முதலில் புல்வெளியில் வீசிப் பார்ப்பது நல்லது. (தூண்டில் கலை பற்றி 1496-இல் அச்சேறிய ஆங்கில நூலை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத்துத் தலைவி என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. நம் அருட்சகோதரிகள் மகிழ்வார்களாக!)

இம்மீனை நம் நாட்டிற்குக் கொண்டுவர முதலில் முயன்றவர் டாக்டர் பிரான்சிஸ் டே. 1829-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்த இவர், 1852-இல் சென்னை இராணுவ மருத்துவராக வந்தார். கொச்சியில் பணிபுரிந்தபோது மீன்களின்மேல் நாட்டம் கொண்டு, 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி நூல் வெளியிட்டார்.

நீலகிரி ஓடைகளின் குளிர்ச்சி டிரௌட்டுக்கு ஏற்றது என்று எண்ணி, 1863-இல் இங்கிலாந்திலிருந்து அதன் முட்டைகளைத் தருவிக்க முயன்றார். அப்பொழுது சூயஸ் கால்வாய் இல்லை. அது திறந்ததே 1869-இல்தான். முட்டைகளோ சிறிது வெப்பத்தையும் தாங்கா. வெப்பக் கடல்களைக் கடந்து, சமவெளி வெயிலையும் கடந்து, அதன்பின் மலையேற வேண்டும். முயற்சி பலிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் முயன்றார், அதுவும் வீணாயிற்று.

வேறொருவராயின் மீன் என்ற சொல்லையே வெறுத்திருப்பார்! டேயோ இந்திய ஆறுகளையும் கடற்கரைகளையும் சுற்றி ஆராய்ந்தார். அணைக்கட்டுகள் மீன்களின் பயணத்தைத் தடுப்பதையும், குஞ்சுகளைக்கூட விடாமல் அரித்தெடுப்பதையும் அரசுக்கு எடுத்துரைத்தார். திருக்கோவிலூர் அணைக்கட்டை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். இந்திய மீன்துறையின் தலைமை ஆய்வாளராகவும் உயர்ந்தார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூல், 1,400-க்கு மேற்பட்ட மீனினங்களை விவரிக்கிறது. ஆராய்ச்சியாளர் இன்றும் அதைப் புரட்டுகின்றனர். என் எண்ணத்தில், டிரௌட் பிழைத்திருந்தாலும் இதற்கு ஈடாகாது.

தாய்நாடு திரும்பிய பிறகும் அவர் டிரௌட்டை மறக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஹவிட்டவுன் மீன்பண்ணையில் அவ்வினத்தை ஆராய்ந்து, 1887-இல் அதுபற்றியும் ஒரு நூல் எழுதினார். 1889-இல் செல்ட்டன்ஹாமில் காலமானார்.

2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த உதகைப் பகுதியில், ஹெச். சி. வில்சன் என்பவர் 1907-ஆம் ஆண்டையொட்டி அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். அங்கே நிலைத்தது டே நாடிய பழுப்பு டிரௌட் அன்று. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும் சற்றுக் கூடுதலாக வெப்பம் தாங்குவதுமான வானவில் டிரௌட். அப்போது டே மறைந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.