லிங்கன் கட்டிய படகு: மிசிசிப்பி பயணம் அவரை ஒரே நாளில் மாற்றியதா?

வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுகளில் இந்தக் கதையை நீங்களும் படித்திருக்கலாம். ஓர் ஏழை இளைஞர் தன் கையால் படகு கட்டி, மிசிசிப்பி ஆற்றில் நியூ ஆர்லியன்ஸ் வரை போகிறார். அங்கே மனிதர்களை ஏலம் விடுவதைப் பார்க்கிறார். இதை ஒருநாள் ஒழிப்பேன் என்று அங்கேயே சபதம் எடுக்கிறார். பிறகு அமெரிக்க அதிபர் ஆகிறார்.

படகு நிஜம். பயணமும் நிஜம். சபதம்தான் சந்தேகம்.

எதற்காகப் படகு?

ஆபிரகாம் லிங்கன் பிறந்தது 1809-ல், கென்டக்கியில். ஏழு வயதில் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பகுதிக்கு ரயில் வராத காலம் அது. சோளத்தையும் பன்றி இறைச்சியையும் நல்ல விலைக்கு விற்க வேண்டுமா? ஆற்றோடு தெற்கே போக வேண்டும்.

அதற்குத்தான் தட்டைப்படகு. பலகைகளை அடித்துச் செய்த பெரிய மிதக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கிடையாது. நீரோட்டம் இழுத்துப் போகும், நீளமான துடுப்பால் திசையை மட்டும் மாற்றலாம். திரும்பி வர முடியாது என்பதால், போன ஊரிலேயே படகையும் மரமாக விற்றுவிட்டு நீராவிக் கப்பலில் ஊர் திரும்புவார்கள்.

முதல் பயணம்: 1828

லிங்கனுக்கு அப்போது 19 வயது. உள்ளூர் வணிகரின் மகன் ஆலன் ஜென்ட்ரியுடன் கிளம்பினார். சம்பளம் மாதம் 8 டாலர். லூசியானா கரையோரத் தோட்டங்களில் நின்று நின்று சரக்கை விற்றபடி போனார்கள்.

ஓர் இரவு, கரையில் கட்டியிருந்த படகில் கறுப்பினத்தவர் ஏழு பேர் கொள்ளையடிக்க ஏறினார்கள். கைகலப்பில் காயம்பட்டாலும், லிங்கனும் ஜென்ட்ரியும் அவர்களை விரட்டிவிட்டு அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். 1860-ல் எழுதிய சிறு வாழ்க்கைக் குறிப்பில் லிங்கனே இதைச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது பயணம்: 1831

இந்த முறை குடும்பம் இல்லினாயில் இருந்தது. டென்டன் ஆஃபட் என்ற வணிகர் சரக்கு கொண்டுபோக ஆள் பிடித்தார், ஆனால் அவரிடம் படகு இல்லை. அதனால் மாதம் 12 டாலர் கூலிக்கு லிங்கன், அவரது மாற்றாந்தாய் மகன் ஜான் ஜான்ஸ்டன், தாய்வழி உறவினர் ஜான் ஹேங்க்ஸ் ஆகியோர் மரம் வெட்டி, சுமார் 80 அடி நீளப் படகைக் கட்டினார்கள்.

ஏப்ரலில் நியூ சேலம் கிராமத்து மாவு ஆலைத் தடுப்பணையில் படகு சிக்கியது. முன்பக்கம் அணைக்கு வெளியே தொங்க, பின்பக்கம் தண்ணீர் ஏறியது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. லிங்கன் சரக்கில் ஒரு பகுதியை இறக்கி, முன்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்து, ஓட்டையை அடைத்துப் படகைத் தாண்ட வைத்தார்.

சில மாதங்களில் அதே ஊரில் குடியேறினார். 1832-ல் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். லிங்கனின் ‘தோல்விப் பட்டியல்’ ஃபார்வர்டில் இதுவும் வரும். ஆனால் அந்த ஊர் வாக்குச்சாவடியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தவை என்பது அதில் வராது. ஆழமற்ற இடத்தில் சிக்கும் படகை மிதக்க வைக்கும் கருவிக்கு 1849-ல் காப்புரிமையும் வாங்கினார். காப்புரிமை பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான்.

சபதக் கதை எங்கிருந்து வந்தது?

லிங்கன் இறந்த பிறகு, ஜான் ஹேங்க்ஸ் சொன்னது. ஆனால் ஹேங்க்ஸ் பாதியிலேயே, செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து திரும்பிவிட்டதாக லிங்கனின் 1860 குறிப்பு சொல்கிறது. லிங்கன் தன் கைப்பட எழுதிய எதிலும் அந்தச் சபதம் இல்லை.

அதற்காக அவர் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. நாட்டின் மிகப்பெரிய அடிமைச் சந்தை இருந்த நகரம் நியூ ஆர்லியன்ஸ். அதைப் பார்க்காமல் அங்கே நடமாடியிருக்க முடியாது.

அப்படியென்றால் மாற்றம் எப்போது?

1837-ல், அடிமை முறை அநீதி என்று இல்லினாய் சட்டமன்றத்தில் பதிவு செய்தார். ஆனால் 1841-ல் நீராவிக் கப்பலில் போனபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்ட 12 அடிமைகளைப் பார்த்துவிட்டு, அவர்கள் எவ்வளவு உற்சாகமாக இருந்தார்கள் என்று வியந்து கடிதம் எழுதினார். 1855-ல் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில், அதே காட்சி தன்னைத் தொடர்ந்து வதைப்பதாகச் சொன்னார். பார்த்தது ஒன்றுதான். அது அவருக்கு வலிக்கிறது என்று எழுத 14 ஆண்டுகள் ஆயின.

1863 ஜனவரி 1 அன்று அதிபராக விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதிலும் விதிவிலக்குகள் இருந்தன. ஏற்கெனவே அவரது படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த பல பகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. அதில் ஒன்று நியூ ஆர்லியன்ஸ்.

நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.