மனச்சாட்சியை விற்காத சோக்கிரட்டீஸ்



சோக்கிரட்டீஸ் என்றதும் நஞ்சுக் கிண்ணமே உங்கள் நினைவுக்கு வரும். அக்கிண்ணத்தை ஏந்துமுன்னரே, மனச்சாட்சிக்காக அவர் இருமுறை தம் உயிரைப் பணயம் வைத்தவர் என்பதை அறிவீர்களா?

கி. மு. 470 அளவில் ஏதென்ஸ் நகரில், கற்சிற்பி ஒருவருக்கும் மருத்துவச்சி ஒருவருக்கும் மகனாய்ப் பிறந்தார் அவர். போர்வீரராகவும் பணிபுரிந்தார். நூலெதுவும் எழுதவில்லை. சந்தையிலும் தெருவிலும் மக்களிடம் வினாக்கள் தொடுத்து, அவர்களைச் சிந்திக்க வைத்தார். அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் பிளேட்டோ, செனபன் ஆகியோரின் எழுத்துகளால்தான்.

கி. மு. 406இல் ஆர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. எனினும் உடைந்த கப்பல்களில் தத்தளித்த வீரர்களைப் புயலினால் மீட்க முடியாமற் போயிற்று. கொதித்தெழுந்த மக்கள், தளபதிகள் அனைவருக்கும் ஒரே வாக்கெடுப்பில் தண்டனை விதிக்க முனைந்தனர். அது சட்டத்துக்கு மாறானது. அன்று சபையை நடத்திய குழுவில் சோக்கிரட்டீசும் இருந்தார். ஏனையோர் மிரட்டலுக்குப் பணிய, அவர் மட்டும் இணங்க மறுத்தார். தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். பின்னர் மக்கள் மனம் வருந்தினர். போன உயிர்களோ மீளவில்லை.

கி. மு. 404இல் முப்பது பேரின் கொடுங்கோலாட்சி தொடங்கியது. சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்னும் குற்றமற்ற ஒருவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி, சோக்கிரட்டீஸ் உட்பட ஐவருக்குக் கட்டளை பிறந்தது. நால்வர் போயினர். சோக்கிரட்டீஸ் தம் வீட்டுக்குப் போனார்.

அவ்வாட்சி விரைவில் கவிழ்ந்தது. ஆயினும் மீண்டு வந்த மக்களாட்சியே கி. மு. 399இல் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. நகரின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்பனவே குற்றச்சாட்டுகள். நடுவர் ஏறத்தாழ 500 பேர். முப்பது வாக்குகள் மாறியிருந்தால், எழுபது வயதான அவர் தப்பியிருப்பார். சிறையிலிருந்து தப்பியோட நண்பர் கிரித்தோ வழிசெய்தார். மூன்று பிள்ளைகளையும் நினைவூட்டிக் கெஞ்சினார். தமக்கு அநீதி இழைக்கப்பட்டாலும், தாம் பதிலுக்கு அநீதி இழைக்கலாகாது என்று கூறி மறுத்த சோக்கிரட்டீஸ், அமைதியாக நஞ்சை அருந்தினார்.

இரண்டாம் நூற்றாண்டின் மறைசாட்சியான புனித யுஸ்தீன், இறைவார்த்தையாம் கிறிஸ்துவை அறியாமலே அவ்வார்த்தையின் ஒளியில் வாழ்ந்தவர்களுள் இவரையும் சேர்த்து எண்ணினார்.

பெற்றோரே, கூட்டம் கூச்சலிடும் வேளையிலும், மேலிடம் கட்டளையிடும் வேளையிலும், நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? நால்வரோடு சேர்ந்து போவதையா? தனியே வீடு திரும்புவதையா?