பொது வழியும் பொதுக் கிணறும்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களை, வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் வீற்றிருந்தவர் என்றே நம்மில் பலர் அறிவர். அப்பெருமை பெரிதே. எனினும் சேரி மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்ட அவரது பணி இலண்டன் மாநகரில் அன்று, சென்னைச் சட்டசபையில் நிகழ்ந்ததாகும்.

கோயம்புத்தூரில் கல்வி பயின்று, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890இல் சென்னை வந்தடைந்தார். 1891இல் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி ஏழாண்டுகள் நடத்தினார். பிறர் இழிவென வழங்கிய பெயரை இதழின் முகப்பிலேயே பொறித்த துணிவு இன்றும் வியப்பூட்டுவது. 1900இல் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக இருந்து 1921இல் தாயகம் மீண்டார். 1923இல் சட்டசபையின் நியமன உறுப்பினரானார்.

அக்காலம் ஸ்தல ஸ்தாபனங்கள் புத்துருப் பெற்ற காலம். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் அத்துறை இந்திய மந்திரிகளின் கைக்கு வந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலையிட்டன, கிணறு வெட்டின, பள்ளியும் சந்தையும் நடத்தின. கிராம முன்னேற்றம் என்று அந்நாளில் கூறத்தக்கது பெரும்பாலும் இவையே. ஆனால் பொதுப்பணத்தில் அமைந்த அச்சாலையில் சேரியார் நடக்க ஊரார் இசைவதில்லை. அக்கிணற்றில் குடம் இறங்க விடுவதுமில்லை. போர்டில் அமர்ந்தோரோ பெரும்பாலும் அவ்வூராரின் உறவினர்.

இந்நிலையில் சீனிவாசன் அவர்கள் 1924 ஆகஸ்டில் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் யாவற்றிலும் எவ்வகுப்பாரும் தடையின்றிச் செல்லலாம் என்பதே அதன் கருத்து. இரக்கத்தை வேண்டி அவர் நிற்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். பொது என்ற சொல்லின் பொருளை அரசே அறிவிக்க வேண்டும் என்றார். தீர்மானம் நிறைவேறி, 1924 செப்டம்பர் 25இல் அரசாணையாகவும் வெளிவந்தது.

ஆணை மட்டும் கிணற்றைத் திறந்துவிடுமா? மீறுவோர்க்குத் தண்டனை ஏதும் அதில் இல்லை. அக்குறையை நீக்க, உறுப்பினர் ஆர். வீரையன் அவர்களின் முயற்சியால் 1926இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டமே திருத்தப்பட்டுத் தடுப்போர் குற்றவாளிகளாயினர். அப்போதும் வழக்குத் தொடுக்க வேண்டியவன், தடுத்தவனிடமே கூலிவேலை செய்து பிழைத்த ஏழைதான்.

அதே ஆண்டுகளில் அரசின் தொழிலாளர் இலாகா சேரிகளுக்கெனத் தனிக் கிணறு வெட்டியும், மனைப்பட்டா அளித்தும், பள்ளி வைத்தும் உதவியது. தாகத்தால் வாடியோர்க்கு அது பேருதவியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் தனிக் கிணறு வந்தபின் பொதுக் கிணற்றைப் பற்றிக் கேட்பாரில்லாமற் போயிற்று என்பது எம் கருத்து. நீர் கிடைத்தது, உரிமை ஏட்டிலேயே நின்றது.

1930, 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாடுகளிலும், 1932இல் பூனா ஒப்பந்தத்திலும் அவர் பங்கு கொண்டதை நாடறியும். 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

போர்டுகள் போய் ஊராட்சிகள் வந்தன. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் ஒட்டித் தலைவர் பதவிகளிலும் நமக்கு ஒதுக்கீடு கிட்டியது. மதுரை மாவட்டம் மேலவளவில் அவ்வாறு தலைவரான முருகேசன் அவர்களையும் உடன் சென்றோரையும், 1997 சூன் 30ஆம் நாள், பேருந்தை வழிமறித்து வெட்டிக் கொன்றனர். அதுவும் பொதுச் சாலையே. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் எவரும் நிலைத்து அமர இயலாதிருந்த தலைவர் நாற்காலி 2006 அக்டோபரில்தான் நிரம்பியது.