தோட்டங்கள் மறைந்தன, தருமம் நின்றது



நோயாளியொருவரை அழைத்துக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குச் சென்று, பெரியாசுப்பத்திரி வாசலில் காத்து நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த வட்டாரத்தில், ஒன்றிலிருந்து ஒன்று நடந்து போகக்கூடிய தூரத்தில், மூன்று நிலையங்கள் உள்ளன. ஒன்று, தாய்மார் பிள்ளை பெறும் ஆசுப்பத்திரி. மற்றொன்று, மருத்துவக் கல்லூரி. மூன்றாவது, இரத்தத்தையும் கிருமிகளையும் சோதிக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையம். இம்மூன்றின் தொடக்கத்திலும் ஒரே குடும்பத்தின் கொடை இருக்கிறது என்பதை அங்கே காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அந்தக் குடும்பத்தின் தலைமகன் சாள்ஸ் ஹென்றி டி சொய்சா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையர் எவருக்கும் இல்லாத செல்வம் அவருக்கு இருந்தது. அவர் நம் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர் அல்லர், அங்கிலிக்கன் சபையினர். ஆயினும் அவருடைய வாழ்வு நாம் எல்லோரும் சிந்திக்க வேண்டிய ஒன்று.

தந்தை தேடிய பொருள்

மொரட்டுவை நம் ஊரைப் போலவே நீர் சூழ்ந்த ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பொல்கொடை வாவி. தச்சு வேலைக்குப் பேர்போன இடம். அங்கே 1797இல் பிறந்தவர் சாள்ஸின் தந்தை ஜெரோனிஸ் டி சொய்சா. ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த பின் மலைநாட்டுக்கு வழி திறந்தபோது, வியாபாரத்துக்காக அங்கே சென்றார். உழைப்பாலும் சாதுரியத்தாலும் உயர்ந்தார். 1837இல் அங்குராங்கெத்தையில், கண்டி மன்னருக்குரியதாயிருந்த தோட்டத்தை அரசிடமிருந்து விலைக்கு வாங்கிக் கோப்பி பயிரிட்டார். வெள்ளைக்காரருக்கே உரியது என்று எண்ணப்பட்ட பெருந்தோட்டத் தொழிலில் முதன்முதலாகக் கால் பதித்த இலங்கையர் அவரே. 1853இல் முதலியார் பட்டம் பெற்றார். 1860இல் மொரட்டுவையில் தூய இம்மானுவேல் ஆலயத்தைத் தம் பொருளால் கட்டுவித்தார். 1862இல் இறந்தார்.

வாசகர்களே, இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. இச்செல்வம் கோப்பியால் மட்டும் வந்ததன்று. அக்காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்வர். இந்தச் சாராயக் குத்தகையில் டி சொய்சா குடும்பத்தார் முன்னணியில் நின்றார்கள். குடி எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை நம் வாவிக்கரைக் கிராமங்களில் வாழும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பியின் கதையும் அப்படித்தான். மலைநாட்டுத் தோட்டங்களில் கோப்பிப் பழம் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலே விழுந்து மாண்டவர்கள் ஏராளம். அவர்களுடைய கல்லறைகளுக்கு அடையாளமும் இல்லை.

இப்படிச் சேர்ந்த பெருஞ்செல்வம் 1836 மார்ச் 3ஆம் திகதி பிறந்த சாள்ஸின் கைக்கு, அவருக்கு இருபத்தாறு வயது நடக்கையில் வந்து சேர்ந்தது. அவர் அதை என்ன செய்தார்?

மண்ணில் கொண்ட ஆசை

சாள்ஸ் மண்ணை நேசித்தார். தென்னை, கறுவா, கோப்பி, தேயிலை எனப் பல பயிர்களில் முதலிட்டார். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் அவருடைய மாளிகையைச் சுற்றிப் பரந்த சோலையொன்று இருந்தது. 1870 ஏப்பிரலில் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசர் இலங்கைக்கு வந்தபோது அங்கேதான் பெருவிருந்து நடந்தது. இளவரசருக்குப் பொற்றட்டில், இரத்தினங்கள் பதித்த கத்தி கரண்டியுடன் உணவு பரிமாறப்பட்டது. அதன்பின் அந்த மாளிகை அல்பிரட் மாளிகை என்றே பெயர் பெற்றது.

அந்த விருந்தை இன்றும் வியந்து பேசுவோர் உண்டு. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டில், அதே இளவரசர் பெயரால் அவர் செய்த வேறொரு காரியமே நம் கவனத்துக்குரியது. 1871இல் கொழும்பின் பொரளைப் பக்கத்தில் அல்பிரட் மாதிரிப் பண்ணையை அவர் நிறுவினார். புதிய பயிர்களையும் புதிய செய்கை முறைகளையும் பரிசோதித்துப் பார்ப்பதற்கான இடம் அது. பேராதனைப் பூங்காவை அரசு நடத்தியது போல, ஒரு தனி மனிதர் தம் பணத்தில் நடத்திய முயற்சி.

அதன் அவசியத்தை அக்கால நிலைமையே காட்டியது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறமாய் ஒரு பூஞ்சண நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பித் தொழில் சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் கதவை மூடியது. ஒரே பயிரை நம்பியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியில், ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைக் கண்ட நம் மூத்தவர்களுக்கு அந்தக் கலக்கம் புரியும். பல பயிர்களில் முதலிட்டிருந்த சாள்ஸ் விழவில்லை. 1882இல் இலங்கையரான தோட்டக்காரர்களுக்காக விவசாயச் சங்கமொன்றை அமைப்பதிலும் அவர் முன்னின்றார். அச்சங்கமே 1888இல் இலங்கைத் தேசிய சங்கமாக மாறி, நாட்டு மக்களின் குரலாக ஒலித்தது.

மாதிரிப் பண்ணையோ நிலைக்கவில்லை. அந்த நிலத்தில் இன்று கோல்ப் விளையாட்டு மைதானம் இருக்கிறது. மாதிரிப் பண்ணையின் பெயர் ஒரு வீதிக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கொடுத்த கை

இனி அவர் கொடுத்தவற்றைப் பாருங்கள்.

கொழும்பில் மருத்துவப் பாடசாலை 1870இல் தொடங்கியது. அதற்குத் தகுந்த இடமில்லை. 1875இல் முதலியார் சாம்சன் ராஜபக்ச நிலம் கொடுத்தார். சாள்ஸ் அந்த நிலத்தில் கட்டடம் எழுப்பிக் கொடுத்தார். நம் பிரதேசத்துக்கு வந்து பணி செய்த வைத்தியர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்.

1876இல், பிறந்த ஊரான மொரட்டுவையில் இரு கல்லூரிகளைத் திறந்தார். ஆண் பிள்ளைகளுக்கு வேல்ஸ் இளவரசர் கல்லூரி. பெண் பிள்ளைகளுக்கு வேல்ஸ் இளவரசி கல்லூரி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், மகனுக்குக் கட்டியபோதே மகளுக்கும் கட்டினார் என்பதைக் கவனியுங்கள்.

1879 டிசம்பரில் பிள்ளைப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. அந்நாளில் பிரசவம் என்பது தாய்க்கு மரண வாசல். வசதியுள்ள வீட்டிலும் கூட முதல் பிள்ளையோடு தாயும் போய்விடுவது புதுமையல்ல. ஏழைப் பெண்ணோ குடிசை மூலையில், எவர் கையில் அகப்பட்டாலும் அவர் கையே கதியென்று கிடந்தாள். அவளுக்கு ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற கையும் கிடைக்க வழி செய்தது அந்த இல்லம். மருத்துவிச்சிகள் தொழில் பழகும் இடமாகவும் அது வளர்ந்தது. இன்று அது பெண்களுக்கான டி சொய்சா ஆசுப்பத்திரி. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குழந்தைகளின் முதல் அழுகை கேட்டுக்கொண்டிருக்கிறது. சிங்களத் தாய், தமிழ்த் தாய், முஸ்லிம் தாய் என்ற வேறுபாடு அந்த அழுகைக்கு இல்லை.

எதிர்பாராத முடிவு

செல்வத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 1890இல் சாள்ஸுக்கு விசர்நாய்க்கடி நோய் கண்டது. பிரான்ஸ் தேசத்தில் லூயி பாஸ்டர் இந்நோய்க்குரிய தடுப்பு மருந்தை முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றி அவனைக் காப்பாற்றியது 1885இல்தான். அம்மருந்து இலங்கையில் இல்லை. கோடீசுவரரின் பணத்தால் அதை வாங்க முடியவில்லை. 1890 செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐம்பத்து நான்காம் வயதில் சாள்ஸ் காலமானார்.

அத்துடன் கதை முடியவில்லை. அவருடைய குடும்பத்தார், அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில், கொழும்பில் கிருமியியல் ஆய்வு நிலையமொன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அதுவே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஆரம்பம். விசர்நாய்க்கடி பற்றிய சோதனை அதன் முக்கிய பணிகளில் ஒன்றாயிற்று. இன்று நாய் கடித்த ஒரு மீனவரின் பிள்ளை, அரசாங்க ஆசுப்பத்திரியில் காசில்லாமல் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறது. 1890இல் நாட்டின் முதல் செல்வந்தருக்குக் கிடைக்காத வரம் அது. ஆகவே வாசகர்களே, நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, தாமதியாமல் ஆசுப்பத்திரிக்குச் செல்லுங்கள். மந்திரத்தையும் கைவைத்தியத்தையும் நம்பி நாளைக் கழிக்காதீர்கள்.

நமக்கு ஒரு கேள்வி

கொள்ளுப்பிட்டிச் சோலை துண்டுதுண்டாகப் பிரிந்து வீதிகளாயிற்று. அந்த வீதிப் பெயர்களில் மட்டுமே அல்பிரட் மாளிகை வாழ்கிறது. பொற்றட்டில் உண்ட இளவரசரை எவரும் நினைப்பதில்லை. தமக்கென்று வைத்துக்கொண்டவை சிதறிப்போயின. பிறருக்கென்று கொடுத்தவை நிற்கின்றன.

அப்படியானால், சாராயத்திலும் ஏழையின் வியர்வையிலும் சேர்ந்த பொருளைத் தருமம் கழுவிவிடுமா? தீர்ப்பு ஆண்டவருடையது. ஆனால் நற்செய்தியில் நமக்கொரு வெளிச்சம் உண்டு. சக்கேயுவும் வரிக் குத்தகைக்காரர்தான். அவர் தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் உறுதி பூண்டார். தருமம் ஒன்று, நீதி வேறொன்று. இரண்டும் சேரும்போதே மீட்பு அந்த வீட்டுக்கு வருகிறது. சாள்ஸின் கொடையைப் போற்றும் நாம், மாத்தளைக் காட்டு வழியில் பெயரில்லாமல் விழுந்தவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம்மிடம் மாளிகையும் இல்லை, பெருந்தோட்டமும் இல்லை. சிலருக்கு வாவிக்கரையில் நாலு தென்னை. சிலருக்கு ஒரு தோணியும் வலையும். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் எண்ணிப் பார்த்தார் என்பது நமக்குத் தெரியும். சொத்தை எழுதி வைப்போர், மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது இயல்பு. அந்தக் கணக்கில் அயலில் உள்ள ஏழைத் தாய்க்கும் படிக்க வசதியற்ற பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கிறதா? நம் கை சுத்தமாயிருக்கிறதா என்ற கேள்வியும் அதோடு இருக்கட்டும்.

கொழும்புக்குப் போகும்போது டி சொய்சா வட்டத்தில் நிற்கும் சிலையைச் சற்று நின்று பாருங்கள். அங்கிருந்து பிள்ளைப்பேற்று ஆசுப்பத்திரிப் பக்கமாக நடந்து போய், வாசலில் கைக்குழந்தையோடு வெளியே வரும் தாயையும் பாருங்கள். அவரை நினைப்பதற்கு அதுவே தகுந்த இடம்.