சி. விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (ஜூன் 18, 1852 - ஏப்ரல் 19, 1944) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினரும் இந்திய விடுதலை இயக்கத்தின் முன்னோடித் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். 1920ஆம் ஆண்டு நாக்பூரில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். 1882ஆம் ஆண்டின் சேலம் கலவர வழக்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார். தம்மை நகராட்சி மன்றத்திலிருந்து நீக்கிய அரசின் மீதே வழக்குத் தொடுத்து நூறு ரூபாய் இழப்பீடு பெற்றார். இவ்விரு வழக்குகளும் இவரை நாடறியச் செய்தன. சேலம் வீரர் என்றும் தென்னாட்டுச் சிங்கம் என்றும் இவர் அழைக்கப்பட்டார்.

பிறப்பும் கல்வியும்

விஜயராகவாச்சாரியார் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள பொன்விளைந்த களத்தூர் என்னும் சிற்றூரில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சடகோபாச்சாரியார் கோயில் அர்ச்சகர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றையதைக் காட்டிலும் மிகப் பெரியது. வடக்கே பழவேற்காடு ஏரி வரையில் அது பரவியிருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும் பொன்னேரி, அனுப்பம்பட்டு, பழவேற்காடு ஆகிய ஊர்கள் யாவும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

இளமையில் சமற்கிருதமும் வேதமும் பயின்ற இவர், பன்னிரண்டு வயதளவில்தான் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1875ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளர் பணி கிடைத்தது. மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றப்பட்டுச் சில ஆண்டுகளில் அப்பணியைத் துறந்தார். அதன்பின் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். அக்காலத்தில் சட்ட வகுப்புகளில் சேராமல் தாமே படித்துத் தேர்வு எழுதி வழக்கறிஞர் ஆனார். 1881ஆம் ஆண்டு சேலத்தில் தொழிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டே சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார்.

1882ஆம் ஆண்டின் கலவரமும் வழக்கும்

1882ஆம் ஆண்டு மே மாதத்தில் வைசிராய் ரிப்பன் பிரபு, உள்ளூர் ஆட்சியை மக்களிடம் படிப்படியாக ஒப்படைக்க வேண்டும் என்னும் தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் இருந்த பள்ளிவாசல் ஒன்று இதில் இடிக்கப்பட்டது. அப்பள்ளிவாசலின் முன்பாகக் கோயில் ஊர்வலங்கள் மேளதாளத்துடன் செல்வது பற்றிய பிணக்கே கலவரத்திற்கு வித்திட்டது.

இவ்வகைப் பிணக்குகள் அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் பல ஊர்களிலும் இருந்தன. பொதுத் தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு என்பதும், அமைதி குலையாதிருக்க நீதித்துறை நடுவர் இடும் நியாயமான ஆணைகளுக்கு அவ்வுரிமை உட்பட்டது என்பதும் சென்னை உயர்நீதிமன்றம் அக்காலகட்டத்தில் வகுத்த நெறியாகும். நெறி நீதிமன்றத்தில் இருந்தது; தெருவில் அதனைக் காக்க வேண்டிய அதிகாரிகள் சேலத்தில் தவறினர் என்றே கருத வேண்டியுள்ளது.

கலவரத்திற்குப் பின் அரசு ஏராளமானோரைக் கைது செய்தது. கலவரத்தைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியார் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டது. வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த, முப்பது வயது இளைஞர் அவர். விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்ட உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தம்முடன் தண்டிக்கப்பட்ட ஏனையோருக்காகவும் அவர் தொடர்ந்து வாதாடி, அவர்களுடைய விடுதலைக்கும் வழிசெய்தார்.

அன்றைய சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப். சேலம் கலவரத்தையும் அதனையொட்டிய வழக்குகளையும் அவருடைய அரசு கையாண்ட விதத்தை, தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த தி இந்து நாளேடு (அப்போது அது நாளேடாகவில்லை, வார இதழாகவே இருந்தது) கடுமையாகக் கண்டித்தது. பத்திரிகைகள் வாயிலாகவே விஜயராகவாச்சாரியாரின் பெயர் மாகாணத்திற்கு வெளியிலும் பரவியது. கலவரத்தில் பள்ளிவாசலை இழந்த சேலத்து முஸ்லிம்களின் துயரம் இப்புகழுக்கிடையே மறைந்துவிடுவதுண்டு. விடுதலைத் தீர்ப்பு ஒரு மனிதர் குற்றவாளி அல்லர் என்பதை மட்டுமே சொன்னது. கலவரம் நிகழ்ந்ததையோ அதன் கொடுமையையோ அது மறுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நகராட்சிப் பதவி வழக்கு

கலவர வழக்கைவிடச் சட்ட வரலாற்றில் முக்கியமானது இதனையடுத்து வந்த உரிமையியல் வழக்காகும். பொது நூல்களில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது என்பதால் இங்குச் சற்று விரிவாகத் தரப்படுகிறது.

சென்னை மாகாண நகராட்சிகள் அக்காலத்தில் 1871ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கின. வரி விதிப்பு, சாலை, விளக்கு, துப்புரவு, பள்ளிகள் ஆகியவற்றை நகராட்சி மன்றங்கள் கவனித்தன. மாவட்ட ஆட்சியரின் பிடி அவற்றின்மீது இறுக்கமாகவே இருந்தது. அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, உறுப்பினர்களை நீக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கும் அவருடைய நிருவாக சபைக்கும் அளித்தது. இவ்வதிகாரத்தைக் கொண்டே விஜயராகவாச்சாரியார் சேலம் நகராட்சி மன்றத்திலிருந்து நீக்கப்பட்டார்.

அன்றைய நிலையில் வேறொருவராயின் இதனை ஏற்றுக்கொண்டிருப்பார். பதவிக்கு ஊதியம் கிடையாது. உயிரும் விடுதலையும் மிஞ்சியதே பெரிது. ஆளுநரையும் அவருடைய சபையையும் எதிர்த்து ஒரு சிறுநகர வழக்கறிஞர் நீதிமன்றம் ஏறுவது அக்காலத்தில் எண்ணிப் பார்க்க இயலாத ஒன்றாகும். எனினும் அவர், தம்மை நீக்கியது சட்டத்திற்குப் புறம்பானது என்று கூறி, இந்திய அமைச்சரைப் பிரதிவாதியாகக் கொண்டு இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். இந்திய அமைச்சர் என்பவர் இலண்டனில் இருந்தபடி இந்திய நிருவாகத்திற்குப் பொறுப்பேற்ற பிரித்தானிய அமைச்சர். அரசின்மேல் தொடுக்கப்படும் வழக்குகள் அவர் பெயரிலேயே தொடுக்கப்பட்டன.

இவ்வழக்கில் இரண்டு வினாக்கள் இருந்தன. ஆளுநரின் நீக்க ஆணை, சட்டம் வரையறுத்த அதிகாரத்திற்குள் அடங்குமா என்பது முதலாவது. அடங்காதெனில், அதற்காக அரசை நீதிமன்றத்தில் பொறுப்பாக்க முடியுமா, அல்லது ஆட்சியாளரின் செயல் என்பதால் அது நீதிமன்றத்தின் கைக்கு எட்டாததா என்பது இரண்டாவது. உயர்நீதிமன்றம் இரண்டிலும் விஜயராகவாச்சாரியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவருக்கு நூறு ரூபாய் இழப்பீடு வழங்கப்பட்டது. தீர்ப்பு 1884ஆம் ஆண்டில், இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசை ஏழாம் தொகுதியில் வெளிவந்தது.

நூறு ரூபாய் அக்காலத்திலும் ஒரு வழக்கறிஞருக்குப் பெருந்தொகை அன்று. வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை எனலாம். ஆயினும் அத்தொகையைக் கொடுக்க வேண்டியிருந்தது மாகாண அரசுக்கு அவமானமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அதே 1884ஆம் ஆண்டில் பழைய நகர மேம்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாகச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது.

வழக்கின் சட்டப் பின்னணி

கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிக நிறுவனமாகப் பிறந்தது. ஆகவே அதன்மீது வழக்குத் தொடுக்க முடிந்தது. 1858ஆம் ஆண்டு ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரித்தானிய முடியரசுக்கு மாறியபோது, கம்பெனி மீது தொடுக்கக்கூடிய வழக்குகளை இனி இந்திய அமைச்சர் மீது தொடுக்கலாம் என்று இந்திய அரசுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு கூறியது. இங்கிலாந்தில் அரசியின் மீது வழக்குத் தொடுக்க இயலாத காலத்தில், இந்தியாவில் அரசின் மீது வழக்குத் தொடுக்க வழி இருந்தது ஒரு வேடிக்கையான உண்மை.

அவ்வழி எவ்வளவு அகலமானது என்பதில் கல்கத்தாவும் சென்னையும் மாறுபட்டன. 1861ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. அரசின் கப்பல் துறையில் வேலையாட்கள் சுமந்து சென்ற இரும்புத் துண்டினால் ஒரு கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை மிரண்டு காயமுற்றது. நிறுவனம் 350 ரூபாய் கேட்டது. தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் அரசைப் பொறுப்பாக்கினார். தனியாரும் செய்யக்கூடிய தொழில்களில் அரசு பொறுப்பாகும், இறையாண்மைச் செயல்களில் பொறுப்பாகாது என்னும் பாகுபாட்டையும் அவர் கூறிவைத்தார். இந்தப் பாகுபாடு பின்னர் அரசுகளுக்குப் பெரும் கேடயமாயிற்று.

சென்னை உயர்நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. 1882ஆம் ஆண்டின் ஹரி பான்ஜி வழக்கு, பம்பாயிலிருந்து சென்னை மாகாணத்துத் துறைமுகங்களுக்கு உப்பு வந்துகொண்டிருக்கும்போதே தீர்வை உயர்த்தப்பட்டதைப் பற்றியது. வணிகர் கூடுதல் தீர்வையை மறுப்புடன் செலுத்திவிட்டுத் திருப்பிக் கேட்டார். உப்பு அன்று அரசின் வருவாய்களில் முக்கியமானது. மீனை உப்பிட்டு உலர்த்தி விற்கும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்கள் முதல் மலபார்க் கரை வரை, உப்புத் தீர்வை யாவருடைய அடுக்களையையும் தொட்டது. வரி விதிப்பு இறையாண்மைச் செயல் என்பதில் ஐயமில்லை. எனினும், தன் சொந்தக் குடிமக்களிடம் தன் சொந்தச் சட்டத்தின் பெயரால் அரசு செய்யும் எச்செயலையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தலைமை நீதிபதி சார்லசு டர்னர் கருதினார். அயல்நாட்டாரோடும் அயல் அரசுகளோடும் சட்டத்திற்கு வெளியே நிகழும் செயல்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்பது இதன் பொருளாகும்.

விஜயராகவாச்சாரியாரின் வழக்கு இதே நெறியில் அமைந்தது. உறுப்பினரை நீக்கும் அதிகாரம் சட்டத்திலிருந்து பிறந்தது. ஆகவே அச்சட்டத்தின் எல்லையை அரசு மீறினால் நீதிமன்றம் தலையிடலாம். உப்பு வணிகரின் வழக்கு பணத்தைப் பற்றியது. சேலம் வழக்கோ ஒரு நகரத்தின் மன்றத்தில் யார் அமர்வது என்பதை ஆள்பவர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாமா என்பதைப் பற்றியது.

இந்தக் கருத்து வேறுபாடு விடுதலைக்குப் பின்னும் தீரவில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவே, சில மாற்றங்களுடன், இந்திய அரசியலமைப்பின் 300ஆம் பிரிவாக நிலைபெற்றுள்ளது. 1965ஆம் ஆண்டு கஸ்தூரிலால் வழக்கில் உச்சநீதிமன்றம் கல்கத்தாவின் பாகுபாட்டைப் பின்பற்றி, காவலர் கைப்பற்றிய தங்கம் காணாமற்போனதற்கு அரசு பொறுப்பாகாது என்றது. 1994ஆம் ஆண்டு நாகேந்திர ராவ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டின் வீச்சைப் பெரிதும் குறைத்தது.

சட்டமன்றங்களிலும் காங்கிரசிலும்

விஜயராகவாச்சாரியார் 1895 முதல் 1901 வரை சென்னை சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை இந்தியப் பேரவையிலும் உறுப்பினராக இருந்தார். பேரவையில் கோகலே, மதன் மோகன் மாளவியா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் பணியாற்றினார். காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இவருடைய நண்பர். காங்கிரசின் தொடக்க மாநாடுகளிலிருந்தே அவ்வியக்கத்துடன் தொடர்பு கொண்டிருந்த இவர், 1887ஆம் ஆண்டு அதன் அமைப்பு விதிகளை வரைந்த குழுவிலும் இடம்பெற்றார். விதிகளை எழுதுவதில் இவருக்கு இருந்த ஆர்வம் கடைசிவரை குறையவில்லை.

1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய இராஜாஜிக்கு விஜயராகவாச்சாரியார் மூத்த வழக்கறிஞர். விஜயராகவாச்சாரியார் ஒருகாலத்தில் நீக்கப்பட்ட அதே நகராட்சிக்கு இராஜாஜி 1917 முதல் 1919 வரை தலைவராக விளங்கினார்.

நாக்பூர் மாநாடு

1920ஆம் ஆண்டு டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்கு விஜயராகவாச்சாரியார் தலைமை தாங்கினார். அப்போது அவருக்கு வயது 68. காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தை உறுதி செய்த மாநாடு இதுவே. காங்கிரசின் குறிக்கோளும் இங்கேதான் மாற்றி எழுதப்பட்டது. அரசியலமைப்பு முறைகளால் என்றிருந்த இடத்தில், நியாயமான அமைதி வழிகளால் சுயராச்சியம் அடைதல் என்று அமைந்தது.

ஒத்துழையாமைத் திட்டத்தின் கூறுகளுள் ஒன்று நீதிமன்றப் புறக்கணிப்பு ஆகும். வழக்கறிஞர்கள் தொழிலைக் கைவிட வேண்டும், மக்கள் தம் வழக்குகளைத் தாமே பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று மாநாடு கேட்டுக்கொண்டது. ஆங்கிலேயர் நடத்திய நீதிமன்றத்திலேயே தம் விடுதலையையும் அரசின் மீதான வெற்றியையும் பெற்ற ஒருவர், அந்நீதிமன்றங்களைப் புறக்கணிக்கச் சொன்ன மாநாட்டின் தலைவராக அமர்ந்திருந்தார். புறக்கணிப்புத் திட்டத்தில் அவருக்கு முழு உடன்பாடு இருக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இது வெறும் தலைமுறை இடைவெளி எனத் தள்ளிவிடத் தக்கதன்று. 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்திற்கும் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கும் பின், அரசு தன் சட்டத்திற்குத் தானே கட்டுப்படும் என்னும் நம்பிக்கை பலரிடமும் அற்றுப்போயிருந்தது. 1884இல் நூறு ரூபாய் பெற்றவருக்கு அந்நம்பிக்கையை விடுவது எளிதாக இருந்திருக்க முடியாது.

பிற்காலம்

இந்தியர்களே இந்தியாவிற்கான அரசியலமைப்பை வகுக்க வேண்டும் என்பதில் விஜயராகவாச்சாரியார் உறுதியாக இருந்தார். சுயராச்சிய அரசியலமைப்பு வரைவு ஒன்றையும் உருவாக்கினார். இந்தியர் எவரும் இடம்பெறாத சைமன் குழுவை எதிர்த்தார். இந்தியாவின் சிக்கலை நாடுகளின் சங்கத்தின் நடுவர் தீர்ப்பிற்குக் கொண்டுசெல்லலாம் என்றும் கருதினார். 1931ஆம் ஆண்டு அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

சமூகத் துறையில் பெண்கள் பருவமடைந்த பின்னரே திருமணம் செய்விக்கப்பட வேண்டும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்று வலியுறுத்தினார். வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு பேசியது கவனத்திற்குரியது. இந்துச் சட்டத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பிறப்புரிமை தமிழகத்தில் 1989ஆம் ஆண்டும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டும்தான் சட்டமாயிற்று.

மறைவு

விஜயராகவாச்சாரியார் 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் தம் 91ஆம் வயதில் காலமானார். சேலத்தில் இவர் பெயரால் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் அமைக்கப்பட்டன.