பட்டம் பெற்ற பிறகும் பாடம் கேட்டவர்

(தவத்திரு தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை)



பரிசளிப்பு விழா என்றாலே நமக்கெல்லாம் ஒரு தனி மகிழ்ச்சிதான். பிள்ளை மேடை ஏறிப் பரிசு வாங்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டியோ செம்பனைக் காட்டில் வேலை செய்தோ, வீடு வந்து குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்த தாய் அவர். அந்த ஒரு கைதட்டலில் அவருடைய களைப்பெல்லாம் பறந்து போகிறது.

ஆனால் விழா முடிந்து வீடு திரும்பும் வழியிலே வேறு பேச்சு வரும். தமிழ்ப் பள்ளியிலே ஆறு வருசம் படிச்சாச்சு, இதை வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒருவர் கேட்பார். எனக்குத்தான் வயசாயிடுச்சே, இனிமே நமக்கெதுக்குப் படிப்பு என்று இன்னொருவர் சொல்வார். இந்த இரண்டு பேச்சையும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஏன், நீங்களே பேசியும் இருக்கலாம்!

இந்த இரண்டுக்கும் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன பெரியவர் ஒருவர் உண்டு. 1961 முதல் 1969 வரை நம் கோலாலம்பூரிலேயே, மலாயாப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றியவர் அவர். தவத்திரு தனிநாயகம் அடிகளார் என்றால் தமிழ் உலகம் முழுவதும் அறியும். உலகத் தமிழ் மாநாடு கண்டவர் என்று அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் எப்படிப் படித்தார், எந்த வயதில் படித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தீவில் பிறந்த பிள்ளை

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தை அடுத்து ஊர்காவற்றுறை என்று ஓர் ஊர். அதன் பக்கத்திலுள்ள கரம்பொன்னில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சேவியர். ஊர்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி. பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. அந்தக் காலத்தில் அத்தகைய கல்லூரிகளில் ஆங்கிலத்துக்கே முதலிடம். கெட்டிக்கார மாணவரான சேவியர் ஆங்கிலத்தில் வல்லவரானார். தாய்மொழியான தமிழோ வீட்டுப் பேச்சோடு நின்றுவிட்டது.

கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என்று கொழும்புக் குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1934இல் ரோமாபுரிக்குச் சென்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். இறையியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் சரளமாக வந்தன. வேறு ஐரோப்பிய மொழிகளையும் கற்றுக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. டாக்டர் பட்டம் கையில். நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்வோம்? இனிமேல் படிக்க என்ன இருக்கிறது என்று புத்தகத்தை மூடி வைத்திருப்போம். அடிகளாருக்கு உண்மையான படிப்பே அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஆசிரியரே மாணவரானார்

1940இல் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளம் என்ற சிற்றூர். அங்கிருந்த புனித தெரேசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். தமிழ்ப் பிள்ளைகள் நடுவே, தமிழ் மண்ணிலே நின்றபோதுதான் அவருக்கு ஓர் உண்மை சுட்டது. இலத்தீன் கவிஞர்களை வரி வரியாக அறிந்தவர். தம் தாய்மொழியின் சங்கப் பாட்டு ஒன்றைப் பொருள் சொல்லிப் படிக்க முடியவில்லையே!

இதை அவர் மூடி மறைக்கவில்லை. பள்ளியில் பெரிய பதவியில் இருந்தவர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். கிறிஸ்தவக் குரு ஒருவர், இந்து சமயப் பண்டிதர் ஒருவரைத் தமக்குக் குருவாக ஏற்றார். பகலெல்லாம் பள்ளி வேலை, மிச்ச நேரத்தில் தமிழ்ப் பாடம். இப்படிப் பல ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். தனிநாயகம் என்ற தம் முன்னோர் பெயரையும் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அறியாமை இருப்பதில் வெட்கம் இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு இருப்பதில்தான் வெட்கம். உங்கள் பிள்ளை வீட்டுப்பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்றால், போய் விளையாடு என்று விரட்டாதீர்கள். வா, ரெண்டு பேரும் சேர்ந்து வாத்தியாரைக் கேட்போம் என்று சொல்லுங்கள். அடிகளார் செய்ததும் அதைத்தான்.

முப்பத்திரண்டு வயதில் முதுகலை

பண்டிதரிடம் படித்தது போதும் என்று அவர் நின்றாரா? இல்லை. 1945இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தம்மைவிட இளையவர்களான மாணவர்களோடு அவரும் ஒரு மாணவர். பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற அறிஞர்கள் அங்கே இருந்த காலம் அது.

எம்.ஏ. முடிந்ததும் எம்.லிட். என்ற ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தார். இந்தப் பட்டங்களைப் பற்றிப் பெற்றோருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதல் பட்டத்துக்குப் படிப்பவர் மற்றவர் கண்டு சொன்னதைக் கற்கிறார். முதுகலையில் அதே பாடத்தில் இன்னும் ஆழமாக இறங்குகிறார். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவரோ, தாமே ஒரு கேள்வியை எழுப்பி, நூல் நூலாகத் தேடி, சான்று காட்டிப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் நிற்குமா விழுமா என்று தேர்வாளர்கள் சோதிப்பார்கள்.

அடிகளார் எடுத்துக்கொண்ட கேள்வி, பழந்தமிழ்ப் புலவர்கள் இயற்கையை எப்படிப் பார்த்தார்கள் என்பது. மலையைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும், வறண்ட நிலத்தைப் பாலை என்றும் நம் முன்னோர் பகுத்தார்கள். அந்தந்த நிலத்தில் வாழும் சாதாரண மக்களின் அன்பையும் பிரிவையும் அந்த நிலத்தோடு சேர்த்தே பாடினார்கள். அடிகளார் இதைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு எழுதினார். ரோமாபுரியில் படித்த படிப்பு வீண் போகவில்லை, பார்த்தீர்களா? அந்த ஆராய்ச்சி பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, தமிழ் தெரியாத அறிஞர்களுக்கும் சங்க இலக்கியத்தின் வாசலைத் திறந்துவிட்டது. 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கில ஆராய்ச்சி இதழையும் அவர் தொடங்கினார்.

மறுபடியும் மாணவர்: இந்த முறை கல்வித்துறை

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் அவர் விரிவுரையாளரானார். ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் பொறுப்பு. அங்கே அவருக்குள் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. கல்வி பற்றிய பாடங்களிலே கிரேக்கர் எப்படிக் கற்பித்தார்கள், ரோமர் எப்படிக் கற்பித்தார்கள் என்று விரிவாகப் படிக்கலாம். தமிழர் எப்படிக் கற்பித்தார்கள்?

இந்தக் கேள்விக்காக, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1955இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனைதான் ஆராய்ச்சிப் பொருள். 1957இல் அந்தப் படிப்பை முடித்து டாக்டர் பட்டம் பெற்றார். ரோமாபுரியில் பெற்றதோடு சேர்த்தால் இது இரண்டாவது டாக்டர் பட்டம்.

உழைப்பாளர்களே, இந்த ஆராய்ச்சிப் பொருள் நமக்கு மிகவும் நெருக்கமானது. பழந்தமிழகத்தில் கல்வி என்பது கட்டடத்துக்குள் மட்டும் நடந்ததில்லை. யாழோடு ஊர் ஊராகப் போன பாணர்களும், ஆடிப் பாடிய கூத்தரும் விறலியரும், மன்னருக்கே நல்லது கெட்டது எடுத்துச் சொன்ன புலவர்களும் மக்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். ஔவையார் போன்ற பெண்பாற் புலவர்களும் அதில் உண்டு. பின்னர் சமண, பௌத்தத் துறவிகளும் கல்வி பரப்பினார்கள். புறநானூற்றிலே ஒரு பாண்டிய மன்னன் பாடிய பாட்டு இருக்கிறது. ஆசிரியருக்கு உதவி செய்தாவது, பொருள் கொடுத்தாவது படிக்க வேண்டும் என்று அவன் சொல்கிறான். கீழ்நிலையில் பிறந்தவன் என்று ஊர் சொல்லும் ஒருவன் கற்றுவிட்டால், மேல்நிலைக்காரனும் அவன் வழிக்கு வருவான் என்றும் சொல்கிறான். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே ஓர் அரசன் சொன்ன சேதி இது! தோட்டத்து லயத்திலே பிறந்த பிள்ளைக்கு இதைவிட வேறென்ன தெம்பு வேண்டும்?

ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்ன கதையும், கோயில் திடலிலே உடுக்கை அடித்துப் பாடிய பாட்டும் கல்வியில் சேராது என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

படித்த படிப்பு பலன் தந்தது

ஐரோப்பாவில் இருந்தபோது அடிகளார் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். 1554இல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்திலே அச்சான தமிழ் நூலைப் பற்றியும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் பற்றியும் கட்டுரை எழுதி உலகம் அறியச் செய்தார். அந்தாவோ தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்து, 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைக் கண்டார். அதை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டது எது தெரியுமா? நம் மலாயாப் பல்கலைக்கழகம்தான்! இலத்தீனும் போர்த்துக்கீசியமும் தெரிந்திராவிட்டால் இந்தத் தேடல் எப்படி நடந்திருக்கும்? ஒரு காலத்தில் படித்தது இன்னொரு காலத்தில் கை கொடுத்தது.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1964 சனவரியில் டில்லியில் கீழ்த்திசை அறிஞர்கள் கூடியிருந்தபோது, பிற அறிஞர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. நம் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடக்கி வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையிலும் அல்ல, மதுரையிலும் அல்ல. நம் மலேசிய மண்ணிலே நடந்தது என்பதை நம் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்று மாநாடு தொடர்ந்தது. யாழ்ப்பாண மாநாட்டின் முடிவிலே பொதுமக்கள் சிலர் உயிரிழந்த துயரத்தையும் அடிகளார் பார்க்க நேர்ந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் நாள், யாழ்ப்பாணத்தில், அறுபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். நான்கு மாதம் கழித்து, 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அதைக் காண அவர் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

மாணவச் செல்வங்களே! உலகமெல்லாம் தமிழைக் கொண்டு சென்ற அடிகளார், சங்கத் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தேழு. நீங்களோ ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டீர்கள். அவரைவிட இருபது ஆண்டு முந்திக்கொண்டீர்கள்! இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று யாராவது கேட்டால், பல்கலைக்கழகம் வரை போகலாம், அதற்கு மேலும் போகலாம் என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, உழைக்க வேண்டும். இன்று வாங்கும் பரிசு அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு அல்ல; அடுத்த வகுப்புக்கு வழிச்செலவு.

பெற்றோர்களே! பிள்ளை மேலே படிக்கிறேன் என்று சொன்னால், போதும்மா என்று கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே! நாம் பயிற்சி பெற்று வேலைக்கு வந்துவிட்டோம் என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கல்வித்துறையில் முதுகலை இருக்கிறது, அதற்கு மேல் ஆராய்ச்சியும் இருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆராய நம்மவர்களே முன்வர வேண்டும்.

வயசாயிடுச்சே என்று சொல்லும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று முறை மாணவராக உட்கார்ந்தவரின் கதையைப் படித்தீர்கள். இன்றிரவு பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஓர் எழுத்தாவது கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள். அடிகளாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே ஆகும்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!