மாண்டிசோரி யார்? அடையாறில் சிக்கிய ‘எதிரி நாட்டு’ டீச்சரும் ஆம்ஸ்டர்டாம் வகுப்பறையும்

ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போனாலும் சரி, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு போனாலும் சரி, ‘மாண்டிசோரி’ என்று எழுதிய ஒரு பள்ளி போர்டாவது கண்ணில் படும். அது ஏதோ பாடத்திட்டத்தின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயர். இதே கடற்கரையில், அடையாறில், இரண்டாம் உலகப் போர் நேரத்தில் எதிரி நாட்டவராக மாட்டிக்கொண்டவர் அவர்.

டாக்டர் டீச்சரான கதை

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோமில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1907-ல் அந்நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். குழந்தையை அதட்டி உட்கார வைக்க வேண்டாம், கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்களை வைத்தால் வேலையை அதுவே தேர்ந்தெடுக்கும் என்பதுதான் அங்கே அவர் கண்டது. சில வருடங்களிலேயே அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

முசோலினியுடன் பத்து வருடம்

அவர் வாழ்க்கையில் சங்கடமான பக்கமும் உண்டு. 1924-ல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தார். மாண்டிசோரியும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் சுயமாக யோசிக்கும் குழந்தையும் சொன்னதைச் செய்யும் சிப்பாயும் ஒரே வகுப்பறையில் உருவாக முடியாது. 1934-ல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் அதையே செய்தார்கள். ஸ்பெயினில் இருந்தவரை 1936-ல் உள்நாட்டுப் போர் விரட்டியது. கடைசியில் நெதர்லாந்தில் தஞ்சமடைந்தார்.

சில மாதங்களுக்கு வந்தார், சிக்கிக்கொண்டார்

1939 இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததால் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். வயது 69. அடையாறில் கீற்றுக் கொட்டகைகள் போட்டுப் பயிற்சி நடந்தது. சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

சில மாதங்களில் திரும்புவதுதான் திட்டம். 1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். ஜூன் 10 அன்று இத்தாலி பிரிட்டன் மீது போர் அறிவித்ததும், இங்கே இருந்த தாயும் மகனும் ஒரே நாளில் ‘எதிரி’ ஆனார்கள். மரியோ அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று.

மரியோ, அவர் திருமணமாகாமல் பெற்ற பிள்ளை. ஊருக்குப் பயந்து பல வருடங்கள் உறவுக்காரப் பையன் என்றே சொல்லிவந்தார். 1940 ஆகஸ்டில், 70-வது பிறந்தநாள் பரிசாக, அவருடைய ‘மகனை’ விடுவிப்பதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. ஊர் அறிய மறைத்த உறவை அரசாங்கமே அப்படி எழுதிக் கொடுத்தது.

அதே நேரத்தில் ஆம்ஸ்டர்டாமில்…

ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு வந்த ஒரு யூதக் குடும்பம், 1934-ல் தன் சின்ன மகளை ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தது. அந்தக் குழந்தை ஆன் ஃபிராங்க். 1941-ல் நாஜி ஆக்கிரமிப்பு நிர்வாகம், யூதப் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கக்கூடாது என்றது. 12 வயது ஆன் யூதர்களுக்கான தனிப்பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. 1942 ஜூலையில் குடும்பமே தலைமறைவானது. 1944 ஆகஸ்டில் பிடிபட்டார்கள். 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் ஆன் இறந்துபோனார். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1.4 லட்சம் யூதர்களில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

இங்கே மாண்டிசோரியின் கட்டுப்பாடு நாளடைவில் தளர்ந்தது. கொடைக்கானலில் தங்கிப் பாடம் நடத்தினார். அனுமதியோடு வெளியூர்களுக்கும் போனார். அவர் எதிரி ஆனது பாஸ்போர்ட்டால். பாடம் சொல்ல யாரும் தடை போடவில்லை. ஆன் எதிரி ஆனது பிறப்பால். அதற்கு விடுதலைத் தந்தி கிடையாது.

போருக்குப் பிறகு

1946-ல் மாண்டிசோரி ஐரோப்பா திரும்பினார். பிறகு மீண்டும் இந்தியா வந்தார். அவருடைய ‘புதிய உலகுக்கான கல்வி’ என்ற நூலை அடையாறு கலாக்ஷேத்ரா வெளியிட்டது. குழந்தையின் மனம் பற்றிய முக்கியமான நூல் 1949-ல் சென்னையில்தான் அச்சானது. அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் காலமானார். 1970-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆம்ஸ்டர்டாமில் அந்த மாண்டிசோரி பள்ளி இப்போதும் நடக்கிறது. 1941-ல் எந்த மாணவியை அங்கிருந்து அனுப்ப வேண்டி வந்ததோ, 1957 முதல் அவள் பெயர்தான் அதன் போர்டில் இருக்கிறது: ஆன் ஃபிராங்க் பள்ளி.